வலது டாங்க்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுவது. நீ, உன் வீட்டுக்காரி, பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? நான் சுகம். முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. இந்த வீட்டில் யார்தான் கேட்டார்கள்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது கண் காது வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்வது நல்லது. போன வாரம் மத்தியானம் கடையில் ஒரு வேன்காரர் சீட் கவருக்கு ரெக்ஸின் பார்த்துக்கொண்டிருந்தார். பின்கொட்டகையில் ‘டொம்’ என்று ஒரு தட்டல். நான் தையல் மெஷினை நிறுத்தாமலே, “வாங்க, கதவு திறந்துதான் இருக்கு” என்று சொல்லிவிட்டேன். கொட்டகையில் யார் இருக்கிறார்கள்? உன் அத்தானின் விழுந்துபோன விமானத்தில் மிஞ்சிய வலது பெட்ரோல் டாங்க் மட்டும்தான். வேன்காரர் என்னைப் பார்த்தார். “பூனை” என்றேன். “பூனைக்கு வாங்க போங்கன்னு மரியாதையா?” என்றார். “வயசான பூனை” என்றேன். ரெக்ஸின் எடுக்காமலே போய்விட்டார்.

ஆறு வருஷம் வாயைத் திறக்காத டாங்க் இது. நீ விமானம் கட்ட ஆரம்பித்ததும் பேசுகிறது.

அத்தான் கட்டிய மாதிரியே கட்டுகிறேன் என்று எழுதியிருந்தாய். நல்லது. ஒரு திருகாணியைக்கூட மாற்றாதே. யோசிக்காமல் அவர் எதையும் செய்ததில்லை, என்னைக் கட்டிக்கொண்டதைத் தவிர. சீட் நான் தைத்துத் தருகிறேன். உன் பின்பக்க அகலத்தை நூல் வைத்து அளந்து அனுப்பு. ஒரு நூல்கண்டு போதாவிட்டால் இரண்டை முடிந்துகொள்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவனுக்குச் சளி, சரியாகிவிட்டது. உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா, இல்லை அதையும் கேலி பேசியே ஓட்டுகிறாயா?

டாங்க் விஷயத்துக்குப் பயப்படாதே. கொட்டகையின் கூரையில் வெளிச்சம் வருகிற தகடு போட்டேன் என்று போன மாதம் எழுதியிருந்தாயே, இப்போது வெயில் நேராக அதன்மேல் விழும். மூடி இறுக்கமாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்று விரிந்து, தகடு புடைத்துக்கொண்டு ‘டொம்’ என்னும். மூடியைத் திறந்து வை.

எஞ்சின் வந்துவிட்டது. அத்தான் வைத்திருந்த அதே ஜாதி, பழைய காரிலிருந்து கழற்றியது. இதில் பிஸ்டன் குதிப்பது கிடையாது. முட்டை மாதிரி ஒரு கூட்டுக்குள் முக்கோணம் ஒன்று சுற்றுகிறது, அவ்வளவுதான். மேலே தண்ணீர் டம்ளர் வைத்தால் தளும்பாது. ஆனால் புகைக்குழாய் அடுப்புக் கரி போலச் சிவக்கும். பெட்ரோல் குழாயை அதன் பக்கமே காட்டக்கூடாது. அத்தான் எடுத்துப் போன அதே வழியில்தான் நானும் குழாய் இழுத்திருக்கிறேன். கட்டும்போது பக்கத்தில் நின்று பார்த்தது அப்படியே கண்ணில் இருக்கிறது. ஹாங்கர் என்கிற விமானக் கொட்டகையை என்னோடு பகிர்ந்துகொள்ளும் பல் டாக்டர், “என்னய்யா, கோயில் சிலையா செய்யற, ஒரு வளைவுகூட மாத்த மாட்டேங்கற” என்கிறார். பகலெல்லாம் பஸ் பட்டறையில் நான் என் இஷ்டத்துக்குத்தான் வேலை செய்கிறேன். இங்கே மட்டும் என் இஷ்டம் எதுவும் இல்லை.

நூல் உள்ளே வைத்திருக்கிறேன். ஒரே நூல்தான். பார்த்துக்கொள்.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவன் சளி போயிற்றா? உனக்கு? நான் நலம்.

நீ சொன்னபடி மூடியைத் திறந்து வைத்தேன். தட்டுவது நின்றது. இப்போது காற்றடித்தால் ஊதுகிறது, காலி பாட்டில் வாயில் ஊதுவார்களே அந்த மாதிரி, ‘ஊ’ என்று தாழ்ந்த குரலில். குளித்துவிட்டு வந்து அவர் இப்படித்தான் முனகுவார், பாட்டென்று நினைத்துக்கொண்டு. உன் வைத்தியம் பிரமாதம். தட்டியவரைப் பாட வைத்துவிட்டாய்.

நூல் கிடைத்தது. பாவம், நடுவில் ஒரு இடம் இழுத்து நைந்திருக்கிறது. சீட் இன்னும் ஆரம்பிக்கவில்லை. மெஷின் பெல்ட் வழுக்குகிறது.

குழாய் அதே வழியில் போகிறது என்று எழுதினாய். அதைப் படித்த பிறகு ஒன்று கேட்க வேண்டும் என்று இருந்தது. அந்தக் கோட்டுக்காரர், அத்தான் விழுந்த பிறகு விசாரணைக்கு வந்தவர், என்னிடம் சொன்னதை நீயும் பக்கத்தில் நின்று கேட்டாய். “இடது டாங்க் காலிம்மா. வலது டாங்க் கிட்டத்தட்ட நிறைய இருக்கு. எந்த டாங்க்லேர்ந்து எடுக்கணும்னு திருப்புற கைப்பிடி இடதுலயே இருக்கு. ரெண்டு பம்ப் சுவிட்சும் போட்டிருக்கு. மத்ததெல்லாம் சரியா இருக்கு. கைப்பிடிய வலதுக்குத் திருப்ப மறந்துட்டாரு.” மறந்துட்டாரு என்று அவர் எழுதிக்கொண்டார். தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். அதை நான் எழுத மாட்டேன், நீயும் எழுதாதே.

நான் கேட்க நினைத்தது இதுதான். உன் கைப்பிடி எட்டுகிற இடத்தில் இருக்கிறதா?

அக்கா

ஏப்ரல் 4

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கைப்பிடி எட்டும். ஒன்று கேட்கிறேன், கேலி வேண்டாம். அன்றைக்குக் காலையில் அளவுக் குச்சி விட்டுப் பார்த்தது யார்? எந்த டாங்கில் எவ்வளவு இருந்தது? உனக்கு ஞாபகம் இருக்கிறபடி எழுது. உடனே எழுது.

தம்பி

ஏப்ரல் 9

அன்புள்ள தம்பிக்கு,

சுகம் விசாரித்து ஒரு வரி, அதிகாரமாக நாலு வரி. இந்த மிடுக்கு உனக்கு வந்ததே எனக்குத் தெரியாது. உன் வீட்டுக்காரி நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாள்.

சரி, கேலி இல்லை. குச்சி பிடித்தது நான். ஏணி ஏற அவருக்குச் சோம்பல், எனக்கு அப்போது முழங்கால் இருந்தது. இடதில் பாதி. வலதிலும் பாதி. ஈரம் ஒரே கோட்டில் நின்றது. “ரெண்டும் பாதி” என்று மேலேயிருந்து சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அன்று காலை எங்களுக்குள் பேச்சில்லை. காரணம் கடிதத்தில் எழுதுகிற அளவுக்குப் பெரியதில்லை. டீ ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

இதைக் கோட்டுக்காரரிடமும் சொன்னேன். “ரெண்டும் பாதின்னா வலது எப்படிம்மா நிறையும்? வானத்துல யாராவது ஊத்தினாங்களா?” என்றார். நியாயமான கேள்விதான். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று முடிவாயிற்று, நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடினால் குச்சி பாதியில்தான் நனைந்து வருகிறது. ஆறு வருஷமாக அப்படித்தான் வருகிறது. யார் ஊற்றினார்கள் தம்பி?

அதைவிட மோசமான கேள்வி ஒன்று இருக்கிறது. கைக்கு எட்டுகிற இடத்தில் கைப்பிடி, அதைத் திருப்பினால் நிறையப் பெட்ரோல். சட்டைப் பொத்தான் தளர்ந்தாலே ஊசி கேட்கிற மனுஷன் அதை ஏன் திருப்பவில்லை? வேண்டுமென்றேதான் திருப்பவில்லை, தெருக்காரர்கள் பேசியது இதுதான். எழுத மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதிவிட்டேன். கிழித்துப் போட்டுவிடு.

எதற்குக் கேட்டாய்?

அக்கா

மே 2

தம்பிக்கு,

எல்லாரும் நலமா? மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. உடனே எழுது என்று என்னை விரட்டினவன் நீதான். தபால்காரர் இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார். எனக்கு நடை மிச்சம்.

சீட் ஆரம்பிக்கவில்லை. நூல் கலர் சரியில்லை. நீ அந்த வண்டியில் ஏறியிருந்தால் ஏறினேன் என்று எழுது. ஏறாவிட்டால் ஏறவில்லை என்று எழுது. எழுத்துப் பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை, எனக்கென்ன கண்டுபிடிக்கவா தெரியும்.

அக்கா

மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் நலம். நான் ஏறவில்லை. உன்னை இத்தனை நாள் காக்க வைத்தது தப்பு. எனக்கே முழுதாகத் தெரியாமல் எழுதக்கூடாது என்று இருந்துவிட்டேன்.

மார்ச் கடைசியில் வண்டியைத் தூணோடு கட்டிப்போட்டு எஞ்சினை ஓட்டினேன். இரண்டு டாங்கிலும் பாதி ஊற்றி, கைப்பிடியை இடதில் வைத்தேன். கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்தி, குச்சி விட்டேன். இடது நான் எதிர்பார்த்ததைவிட மிகக் கீழே இருந்தது. ஒழுகுகிறதோ என்று தரையெல்லாம் தடவினேன், ஒரு சொட்டு இல்லை. பிறகு எதற்கோ வலதிலும் குச்சியை விட்டேன். பாதிக்கு மேலே நனைந்து வந்தது.

பல் டாக்டர்தான் விளையாடுகிறார் என்று நினைத்து அவரோடு சண்டை போட்டேன். “நான் ஏன்யா உன் டாங்க்ல பெட்ரோல் ஊத்தணும், என் வண்டிக்கே இல்ல” என்றார். மறுநாள் முன்கேட்டைப் பூட்டி, ஹாங்கர் கதவைத் திறந்து வைத்து, நான் மட்டும் இருந்து ஓட்டினேன். யாரும் தொடாத வலது டாங்க் மறுபடியும் ஏறியிருந்தது. அக்கா, ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. வெளியே வெயிலில் போய் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான் உன்னிடம் குச்சியைப் பற்றிக் கேட்டேன்.

உன் பதில் வந்த பிறகு உள்ளே போகவே சில நாள் ஆயிற்று. பிறகு ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, ஒளி தெரிகிற பிளாஸ்டிக் குழாய் மாட்டிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், மெதுவாகப் படி.

இந்த எஞ்சினுக்குப் பம்ப் அழுத்தத்தோடு பெட்ரோல் அனுப்புகிறது. அனுப்புவது மூன்று பங்கு. எஞ்சின் எரிப்பது ஒரு பங்கு. மிச்சம் இரண்டு பங்கு வேறொரு குழாய் வழியாக டாங்குக்குத் திரும்பிவிடும். காரில் ஒரே டாங்க், எங்கே திரும்பினாலும் அதே வீடு. நம்மிடம் இரண்டு டாங்க். திரும்புகிற குழாயை இடது பக்கம் கொண்டுபோனால் சிவந்த புகைக்குழாயைத் தாண்டவேண்டும். அதற்குப் பயந்து அத்தான் அதை வலது டாங்கில் விட்டார். நானும் அப்படியே விட்டேன். கைப்பிடி இடதில் இருந்தால் இடதிலிருந்து மூன்று பங்கு போகிறது, அதில் இரண்டு வலதுக்கு வந்து சேர்கிறது. நீ தப்பாகப் பார்க்கவில்லை. யாரும் ஊற்றவில்லை. அவர் போட்ட பம்பே ஊற்றியது.

இடதில் முக்கால் மணி நேரத்துக்குப் பெட்ரோல் இருக்கிறது என்று அவர் கணக்கு. எரிகிற கணக்கு அது. டாங்க் கால் மணியில் தீர்ந்துவிட்டது. எஞ்சின் இருமியபோது ‘பெட்ரோல் இருக்கிறதே, வேறு ஏதோ கோளாறு’ என்றுதான் எவனும் நினைப்பான். இருக்கிற டாங்கை யார் சந்தேகப்படுவார்கள்? அதனால் கை கைப்பிடிக்குப் போகவில்லை, இரண்டாவது பம்ப் சுவிட்சுக்குப் போயிருக்கிறது. அந்தச் சுவிட்சைச் சும்மா போடமாட்டார்கள் அக்கா. முதல் பம்ப் கெட்டுவிட்டது, எஞ்சினைக் காப்பாற்ற வேண்டும் என்றால்தான் போடுவார்கள்.

இன்னொன்று. விமானத் திடலைச் சுற்றுகிற நாளெல்லாம் அவர் வலதில்தான் ஓட்டினார். பெட்ரோல் எடுப்பதும் திரும்புவதும் ஒரே டாங்க், அதனால் கோளாறு தெரியவில்லை. தூரப் பயணம் அன்றுதான் முதல். அதற்கு என்னிடம் ஒரு கணக்கு சொல்லியிருந்தார். “போகும்போது இடது, வரும்போது வலது. அப்பதான் குழப்பம் வராது மாப்ள.” நீ கேட்டதில்லை, அதனால் நான் சொன்னதில்லை. ஏன் திருப்பவில்லை என்று நீ ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

தம்பி

ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று நம்புகிறேன். நான் நலம் என்றுதான் எழுத வேண்டும்.

உன் கடிதத்தை ஒரு மாதம் படித்தேன். நாலாங்கிளாஸ் படித்தவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது என்று வைத்துக்கொள். கடையில் இரண்டு டம்ளரில் தண்ணீர் வைத்து, கரண்டியால் ஒன்றிலிருந்து எடுத்து, கொஞ்சம் கீழே கொட்டி, மிச்சத்தை மற்றதில் ஊற்றி ஊற்றிப் பார்த்தேன். நீ சொன்ன மாதிரிதான் வந்தது. பக்கத்துக் கடைக்காரி, “என்னக்கா, பால் கலக்கறியா?” என்றாள். ஆமாம் என்றேன்.

ஆறு வருஷமாக அவர்மேல் கோபமாக இருந்தேன். உனக்குத் தெரிந்திருக்காது, நான் சிரித்துக்கொண்டே இருந்துவிட்டேன். கோபம் இருந்தால் ஆளும் இருக்கிற மாதிரி. ‘இப்படிப் பண்ணிட்டீங்களே’ என்று தினம் ஒரு தரம் கேட்கலாம். இப்போது கேட்க ஒன்றும் இல்லை. அவர் சுவிட்சைப் போட்டார். அவர் திரும்பி வரத்தான் இருந்தார். வீடு ரொம்பக் காலியாகிவிட்டது தம்பி, அன்றைக்கு ஆனதைவிட இன்றைக்கு.

டாங்க்கின் மூடி திறந்தேதான் இருக்கிறது. நாலு நாளாக மழை, வெயில் கிடையாது, காற்றும் இல்லை. நேற்று தட்டியது. இரண்டு தரம். இந்த முறை நான் வாங்க என்று சொல்லவில்லை. தெரியும் என்று சொன்னேன். நீ இதற்கு ஒரு காரணம் எழுதுவாய். எழுத வேண்டாம்.

ஒன்றே ஒன்று எழுது. எஞ்சின் நின்ற பிறகு எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?

ஏறாதே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் அது உன் அத்தான் வைத்த குழாய் அல்ல என்று நீ எழுதினால் நான் சீட்டை ஆரம்பிப்பேன். அவர் செய்த மாதிரியே செய் என்று சொன்னது நான். அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா

ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் நலம். சின்னவன் முன்பல் ஆடுகிறது. டாக்டர் பிடுங்கக் காத்திருக்கிறார்.

அத்தானின் குழாயெல்லாம் கழற்றிவிட்டேன். கழற்றும்போது கை கூசியது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது சீட்டுக்குப் பின்னால், தாழ்வாக, ஒரு சின்ன டாங்க் வைத்திருக்கிறேன். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் இரண்டு பெரிய டாங்கிலிருந்தும் பெட்ரோல் தானாக இதில் இறங்கும். பம்ப் இதிலிருந்துதான் எடுக்கும், மிச்சமும் இதற்கே திரும்பும். சூட்டில் ஆவி சேர்ந்தால் வெளியேற இதன் தலையிலிருந்து மேல் டாங்குக்கு ஒரு மூச்சுக்குழாய். புகைக்குழாய்ப் பக்கம் போகிற இடத்திலெல்லாம் தீ பிடிக்காத உறை போட்டிருக்கிறேன். பம்ப் இரண்டுக்கும் தனித்தனி வடிகட்டி, தனித்தனி ஃபியூஸ். இடது வலது என்று திருப்ப எதுவும் இல்லை. திறக்க, மூட ஒரே ஒரு வால்வுதான். வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்தும், சாய்த்து வைத்தும், கால் டாங்க் பெட்ரோலோடு ஓட்டினேன். இருமவில்லை. குச்சி விடும் வேலையை இனி இரண்டு பேர் செய்வோம், நானும் டாக்டரும், ஒருவர் சொன்னதை மற்றவர் பார்க்காமல்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, காற்று அடங்கியிருந்தால், திடலைச் சுற்றி அரை மணி நேரம் பறப்பேன். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவன் பல்லை அந்த டாக்டரிடம் விடாதே, நூல் கட்டி நான் பிடுங்குகிறேன்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்துவிட்டாய் போல. இனிக் கேட்க மாட்டேன்.

பெல்ட் மாற்றிவிட்டேன், நூல் கலரும் கிடைத்தது. சீட் முடிந்தது. பார்சலில் போட மனமில்லை, நானே கொண்டுவருகிறேன். பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வருவேன். பஸ் நிலையத்தில் சிரிக்காதே.

அக்கா

ஆகஸ்ட் 9

அன்புள்ள தம்பிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ, உன் வீட்டுக்காரி, பல் போன சின்னவன் எல்லாரும் சுகமாக இருங்கள்.

உன் வண்டி நன்றாகப் பறந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். அன்று முகத்துக்கு நேரே சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்: நான் பார்க்கவில்லை. சக்கரம் தரையை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன். கால் மணி ஆனபோது எனக்குத் தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, கடிகாரமும் பார்க்கவில்லை, உடம்புக்குத் தெரிந்தது. அந்த இடத்தில் சத்தம் நிற்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். நிற்கவில்லை. அது பாட்டுக்கு அரைத்துக்கொண்டே போயிற்று. அதற்கப்புறம் எவ்வளவு நேரம் என்று தெரியாது. அந்த நேரம் முழுக்க அவர் பக்கத்தில் நின்ற மாதிரி இருந்தது. பேசவில்லை, எங்களுக்குள் இன்னும் பேச்சில்லை. ஆனால் நின்றார். சத்தத்தைத்தான் அவரும் கேட்டார்.

கண்ணைத் திறக்காமலே பின்னால் தடவினேன், பலகை மாதிரி ஏதோ கைக்குக் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன். காலையில் நீயும் டாக்டரும் தண்ணீர் இருக்கிறதா என்று டாங்கிலிருந்து பெட்ரோலை வடித்துப் பார்த்தீர்களே, அந்த வாளி அது. மேலே மூடியிருந்தது அட்டை. நீ இறங்கி வந்து கட்டிப் பிடித்தபோது நான் எழுந்து நிற்காததைப் பாசம் என்று நினைத்திருப்பாய், வாளிக்குள் மாட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர்தான் வாளியைப் பிடித்து இழுத்துவிட்டார், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியமும் செய்தார்.

பஸ்ஸில் என் பக்கத்து சீட் கடைசிவரை காலியாகவே வந்தது. முன்னால் இருந்தவர் சிகரெட்டை எடுத்தார், ஒரு தரம் மூக்கை உறிஞ்சினார், திரும்பி என்னைப் பார்த்தார், திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.

அக்கா